முதுமையில் மூளையின் அலைகளும் இறைநினைவும்

பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயத்தைப் பயிலும்போது வயது முதிர்ந்த அன்பர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்புவதுண்டு. இறுதிக் காலத்தில் தம்மையே நினைத்தவாறு உடலை விடுபவன் தம்மை அடைகிறான் என்று பகவான் உறுதியளிக்கிறார். ஆனால் முதுமையில் மூளை தளர்ந்து, நினைவே தப்பிவிட்டால் என்ன செய்வது? அறுபது ஆண்டுகள் இடைவிடாது ஜபம் செய்தவர் இறுதி ஓராண்டில் தம் இஷ்டதெய்வத்தின் பெயரையே மறந்துவிட்டால், அந்த அறுபது ஆண்டுகளின் சாதனை வீணாகிவிடுமா?

இது வெறும் தத்துவ விசாரம் அன்று. பெற்ற பிள்ளையின் முகத்தையே அடையாளம் காணாத தாயை அருகிலிருந்து பேணி வருவோர் பலர். அவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு தீராத வேதனை. ஆகவே மூளையின் அலைகளைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் அறிந்துள்ளவற்றை முதலில் தெரிந்துகொண்டு, பின்னர் சாஸ்திரத்தின் விடையை ஆராய்வோம். விஞ்ஞானம் சொல்வதைக் குறைத்தும் கூறவேண்டாம். அது சொல்லாததை அதன் வாயில் ஏற்றிக் கூறவும் வேண்டாம்.

மூளை அலை என்பது யாது?

மூளையில் உள்ள கோடிக்கணக்கான நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்சாரத்தின் வாயிலாக ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. விலங்குகளின் மூளையில் இத்தகைய மின்னோட்டம் இருப்பதை 1875-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜெனா நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஐந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்த பிறகே 1929-இல் அவர் அதை வெளியிட்டார்.

பெர்கரை இந்த ஆய்வுக்குத் தூண்டிய நிகழ்ச்சி நம் கவனத்திற்கு உரியது. இளமையில் இராணுவப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் அடியில் சிக்க இருந்த நிலையில் மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே அவருடைய தந்தையிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து நேர்ந்துள்ளது என்று தொலைவிலிருந்த அவருடைய தமக்கை உணர்ந்து கலங்கியதே அதற்குக் காரணம். மனத்தின் ஆற்றலுக்குப் பௌதிக அடிப்படை ஒன்றைக் காணவேண்டும் என்ற வேட்கை அன்று பெர்கரிடம் வேரூன்றியது. அவர் தேடிய மன ஆற்றலின் ரகசியம் கிட்டவில்லை. உலகெங்கும் மருத்துவமனைகளில் இன்று ஈ.ஈ.ஜி. என வழங்கப்படும் மூளை மின்னலைப் பதிவு கிட்டியது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இதன் பொருளைப் பிற்பகுதியில் சிந்திப்போம்.

தலையின் மேற்பரப்பில் மின்முனைகளைப் பொருத்தி இந்த அலைகளைப் பதிவு செய்கிறார்கள். அங்கே கிட்டும் மின்னழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோ வோல்ட் அளவே. ஒரு மைக்ரோ வோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு விநாடிக்கு எத்தனை முறை அலை எழுகிறது என்பதைக்கொண்டு அவற்றை வகைப்படுத்துகிறார்கள். விநாடிக்கு 4-க்குக் குறைவாக எழுபவை டெல்டா; 4 முதல் 8 வரை தீட்டா; 8 முதல் 13 வரை ஆல்பா; 13 முதல் 30 வரை பீட்டா; அதற்கும் மேற்பட்டவை காமா. கண்களை மூடி அமைதியாக அமர்ந்திருக்கும்போது தலையின் பின்புறத்தில் ஆல்பா அலை தெளிவாகத் தோன்றும். கண்களைத் திறந்ததும் தணிந்துவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் டெல்டா மேலோங்கும்.

முதுமையில் நிகழ்வது என்ன?

இளமையில் கண்மூடி அமர்ந்திருக்கும்போது தோன்றும் ஆல்பா அலை விநாடிக்குச் சுமார் 10 முறை எழுகிறது. வயது ஏற ஏற இந்த வேகம் சிறிது சிறிதாகக் குறைந்து, முதியோரிடம் 9 அல்லது அதற்குச் சற்றுக் கீழே வருகிறது. ஆனால் இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். உடல்நலமும் அறிவுத் தெளிவும் உடைய முதியவர், எண்பது தொண்ணூறு வயதைக் கடந்தவரானாலும், விழித்திருக்கும் நிலையில் இந்த அலை பொதுவாக 8-க்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே விழிப்பு நிலையில் 8-க்குக் குறைவாக அலை பதிவானால் மருத்துவர்கள் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுவதில்லை. உள்ளே ஏதோ நோய் உள்ளது என்றே ஐயுறுகிறார்கள்.

உறக்கத்திலும் மாற்றம் உண்டு. ஆழ்ந்த உறக்கத்திற்குரிய பெரிய டெல்டா அலைகள் வயதுடன் உயரம் குன்றுகின்றன; இரவில் விழிப்பு அடிக்கடி நேர்கிறது. 'இரவெல்லாம் தூக்கமே இல்லை' என்று முதியவர் சொல்லும்போது, பகலில் உறங்கியதன் விளைவு என்று இளையவர்கள் அதைத் தள்ளிவிடக் கூடாது. அது அவர்களுடைய மூளையிலேயே நிகழ்ந்துள்ள மாற்றம்.

மூன்றாவதாக, எதிர்பார்த்திருந்த ஓர் ஒலியைக் கேட்டு, 'இதுதான் அது' என்று இனங்காணும்போது ஏறத்தாழ 300 மில்லி விநாடியில் மூளையில் ஓர் அலை எழுகிறது. வயது வந்தபின், ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 மில்லி விநாடி வீதம் அது தாமதமாகிறது. இருபது வயதினருக்கும் எண்பது வயதினருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். இனங்காணும் இந்த ஒரு படியில் நேரும் தாமதம் இவ்வளவே. ஆனால் செவியின் மந்தமும், சொல்லைத் தேடி எடுக்கும் தாமதமும், நாவின் தளர்ச்சியும் இதனுடன் சேரும்போது, கேட்டவர் பொறுமை இழந்துவிடுகிறார். முதியவர் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. 'அப்பாவுக்கு ஒன்றும் புரிவதில்லை' என்ற முடிவு பல வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது.

தளர்ச்சி வேறு, நோய் வேறு

அலைகள் மந்தமடைதல் முதுமையின் இயல்பு என்று கருதி வாளாவிருப்பதிலும் ஆபத்து உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்த முதியவர் இன்று திடீரெனக் குழப்பமாகப் பேசினால், நாளுக்கு நாள் மயங்கிக் கிடந்தால், அது வயதின் விளைவு அன்று. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைதல், நீர்ச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பின் குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, சில மருந்துகளின் விளைவு, விழுந்ததால் மண்டையோட்டின் உள்ளே நேர்ந்த இரத்தக்கசிவு ஆகிய எதுவும் காரணமாகலாம். இவற்றுள் பலவும் சிகிச்சையால் சீராகக் கூடியவை. 'வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது' என்று சொல்வது வைராக்கியம் ஆகாது; அது கடமை தவறுதல்.

அல்சைமர் முதலிய மறதிநோய்களில் ஆல்பா அலை மங்கி, தீட்டாவும் டெல்டாவும் விழிப்பிலேயே பெருகுகின்றன. அப்போதும் மூளையின் நிலைக்கும் மனிதரின் நிலைக்கும் உள்ள தொடர்பு நாம் எண்ணுமளவு நேரானது அன்று. அமெரிக்காவில் நோத்ர டேம் சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீகளிடம் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் 1986-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 75 வயதைக் கடந்த 678 சகோதரிகள் இதில் பங்குகொண்டு, மரணத்திற்குப்பின் தங்கள் மூளையையும் ஆய்வுக்கு வழங்க இசைந்தனர். அவர்களுள் சகோதரி மேரி என்பவர் 84 வயது வரை ஆசிரியப் பணி செய்தவர். 101 வயதில் மறையும் காலத்திலும் நினைவாற்றல் சோதனைகளில் தெளிவாகத் தேறியவர். ஆனால் அவருடைய மூளையை ஆராய்ந்தபோது அல்சைமர் நோயின் அடையாளங்கள் அதில் மிகுதியாகக் காணப்பட்டன. ஒழுங்கான வாழ்வும், கல்வியும், பிறர்க்கு உழைத்தலும் மூளைக்கு ஒரு சேமிப்பாக அமையலாம் என்ற கருத்துக்கு இத்தகைய வாழ்வுகள் வலுவூட்டுகின்றன.

யோகியரின் அலைகள்

1961-ஆம் ஆண்டு புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் யோகியரிடம் செய்த ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். தியானத்தில் ஆழ்ந்த யோகியரின் அருகே பலத்த ஒளியைப் பாய்ச்சினர். உரத்த ஒலி எழுப்பினர். சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டனர். மற்ற நேரங்களில் இவற்றால் கலைந்த ஆல்பா அலை, தியானத்தின்போது கலையவில்லை. வேறு இரு யோகியர் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 45 முதல் 55 நிமிடங்கள் வரை கையை வைத்திருந்தபோதும் அவர்களுடைய ஆல்பா அலை தொடர்ந்து நிலவியது. 1966-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கசமட்சு, ஹிராய் இருவரும் ஜென் துறவியரிடம் செய்த ஆய்வில், தியானம் ஆழமாகும்போது ஆல்பா அலையின் வேகம் குறைந்து, நெடுங்காலம் பயின்றவர்களிடம் தீட்டா அலையும் ஒழுங்காகத் தோன்றியதைக் கண்டனர்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அலையின் வேகம் தணிதல் முதுமையிலும் நிகழ்கிறது, நோயிலும் நிகழ்கிறது, தியானத்திலும் நிகழ்கிறது. டெல்டா அலை ஆழ்ந்த உறக்கத்தில் ஆரோக்கியத்தின் அடையாளம். அதே டெல்டா விழிப்பில் தோன்றினால் மூளைக் கட்டியின் அறிகுறியாகவும் இருக்கலாம். 1936-இல் கிரே வால்டர் அந்த அலைக்குப் பெயரிட்டதே மூளைக் கட்டிகளை ஆராய்ந்தபோதுதான். ஆகவே வரைதாளில் காணும் கோடு தன் பொருளைத் தானே சொல்வதில்லை. 'தியானத்தில் மூளை அலை தணிகிறது. ஆகவே விஞ்ஞானம் சமாதியை நிரூபித்துவிட்டது' என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அந்த வாதத்தை ஏற்றால், மூளை நோயாளியையும் சமாதியில் இருப்பவர் என்று ஏற்க நேரிடும். சாஸ்திரத்தின் பெருமைக்கு இத்தகைய சான்றுகள் தேவையில்லை.

இறுதி மணித்துளிகள்

2022-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. விழுந்ததால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்த 87 வயது முதியவர் ஒருவருக்கு ஈ.ஈ.ஜி. பதிவு நடந்துகொண்டிருந்தபோதே இதயம் நின்றது. இதயத்துடிப்பு நிற்பதற்கு முன்னும் பின்னும் உள்ள சுமார் 30 விநாடிகளில், பிற அலைகளை நோக்கக் காமா அலை ஓங்கியிருந்தது. நினைவு கூரும்போதும் தியானத்திலும் காமா தோன்றுவதுண்டு என்பதால், 'இறக்கும்போது வாழ்க்கை முழுவதும் நினைவில் ஓடுகிறது' என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அது ஒரே ஒருவரின் பதிவு, அவருடைய மூளை காயமுற்றிருந்தது, வலிப்பும் இருந்தது. 2023-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்விலும், உயிர் பிரியும் நிலையில் இருந்த நால்வருள் இருவரிடம் மட்டுமே இத்தகைய எழுச்சி காணப்பட்டது. அவர்கள் உள்ளே எதை அனுபவித்தார்கள் என்பதைச் சொல்ல எவரும் திரும்பி வரவில்லை.

மற்றோர் ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. திபெத்திய பௌத்த மரபில் சிறந்த சாதகர்கள் மரணத்திற்குப் பின்னும் சில நாட்கள் 'துக்தம்' என்னும் தியான நிலையில் இருப்பதாக நம்பிக்கை உண்டு. ரிச்சர்ட் டேவிட்சன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் இந்தியாவில் அந்த நிலையில் இருந்ததாகக் கருதப்பட்ட 13 பேரைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். மரணத்திற்குப் பின் 26 மணி நேரம் கழிந்த பின்பே அவர்களால் முதல் சோதனையைச் செய்ய முடிந்தது. மூளை அலை எதுவும் பதிவாகவில்லை. தங்களுக்கு உவப்பான விடை கிட்டவில்லை என்பதற்காக அதை மறைக்காமல் வெளியிட்டது போற்றத்தக்கது. சத்தியத்தைத் தெய்வமாகக் கொண்ட நாமும் அதே நேர்மையுடன் இவற்றை அணுக வேண்டும்.

அலையும் சாட்சியும்

மனத்தை ஏரிக்கும், எண்ணங்களை அதில் எழும் அலைகளுக்கும் சுவாமி விவேகானந்தர் தமது ராஜயோகத்தில் ஒப்பிடுகிறார். அந்த உவமையைப் படித்தவர்கள், சித்த விருத்தியும் மூளை அலையும் ஒன்றே என்று எண்ணிவிடலாம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. மூளை அலை ஸ்தூல உடலில் நிகழும் மின்மாற்றம். சித்த விருத்தியோ சூட்சும உடலைச் சேர்ந்தது. ஒன்று மாறும்போது மற்றொன்றும் மாறலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வீணையின் தந்தி அறுந்தால் இசை நின்றுவிடும்; அதைக்கொண்டு தந்தியே வித்வான் என்று யாரும் சொல்வதில்லை.

வேதாந்தம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கண் உருவத்தைக் காண்கிறது. கண்ணின் மங்கலை மனம் காண்கிறது. மனத்தின் மறதியையும் குழப்பத்தையும் அறிவது எதுவோ, அதுவே சாட்சி. 'எனக்கு இப்போதெல்லாம் நினைவு தங்குவதில்லை' என்று முதியவர் சொல்கிறார். நினைவு தங்காமையை அறியும் ஒன்று அவரிடம் இருப்பதால்தான் அவரால் அவ்வாறு சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்லும் ஆற்றலும் போய்விட்ட நிலையில், போனது சொல்லும் கருவியே, ஒளி போவதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் நம் அனைவருக்கும் நாள்தோறும் எல்லா நினைவும் ஒடுங்குகின்றது. அதனால் நாம் இல்லாமற் போய்விடுவதில்லை என்பதை மாண்டூக்ய உபநிஷதம் ஆராய்ந்து காட்டுகிறது.

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயம் இதை மேலும் திட்டமாகக் கூறுகிறது. இச்சை, வெறுப்பு, இன்பம், துன்பம் ஆகியவற்றோடு, உடலில் தோன்றும் உணர்வையும் பகவான் க்ஷேத்திரத்தின் பட்டியலிலேயே சேர்க்கிறார். கருவிகளால் அளக்கத் தக்கது எதுவாயினும் அது க்ஷேத்திரம். பெர்கர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று முன்பு கண்டோம். அவருடைய கருவி க்ஷேத்திரத்தின் ஒரு மூலையை நமக்குத் துல்லியமாகக் காட்டியது. அந்தக் கருவியையும் அறியும் க்ஷேத்திரக்ஞனை அது காட்டாதது அதன் குற்றமன்று.

இறுதி நினைவு எப்போது உருவாகிறது?

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். இறுதி நினைவைப் பற்றிக் கூறிய பகவான், அடுத்த சுலோகத்தில், ஒருவன் எந்தப் பாவனையில் எப்போதும் தோய்ந்திருக்கிறானோ அதுவே இறுதியில் வாய்க்கிறது என்கிறார். ஆதிசங்கரரும் இதைப் பயிற்சியால் படிந்த சம்ஸ்காரம் என்ற பொருளிலேயே விளக்குகிறார். அதனால்தான் ஏழாம் சுலோகத்தில் 'எல்லாக் காலங்களிலும்' தம்மை நினைக்குமாறு அர்ஜுனனுக்குக் கட்டளையிடுகிறார். அதாவது இறுதி நினைவு இறுதி நாளில் உருவாவது அன்று, இன்று உருவாவது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கிளியின் கதையும் இதைத்தான் உணர்த்துகிறது. ராதாகிருஷ்ண நாமத்தை ஓயாமல் சொல்லும் கிளி, பூனை பிடித்ததும் தன் சொந்தக் குரலில் கத்துகிறது. நாமம் நாவளவில் நின்றதா, இயல்பாகவே ஆகிவிட்டதா என்பதே கேள்வி.

மறதிநோயாளரைப் பேணுவோர் அறிந்த உண்மை ஒன்று இதற்குத் துணை செய்கிறது. இன்று காலை உண்டதை மறந்தவர், இளமையில் பயின்ற பாடலைத் தொடங்கி வைத்தால் உடன் சேர்ந்து பாடுகிறார். பிள்ளையின் பெயரை மறந்தவரின் விரல்கள் ஜபமாலையை ஒழுங்காக உருட்டுகின்றன. புதிய செய்திகளைச் சேர்த்து வைக்கும் ஆற்றல் முதலில் குன்றுகிறது. நெடுங்காலப் பழக்கமாகப் படிந்தவை பின்னும் நீடிக்கின்றன.

அதுவும் போய்விட்டால்? அங்கேதான் பக்தி சாஸ்திரம் நம்மைக் கைவிடாமல் தாங்குகிறது. வராக சரம சுலோகம் என்று வைணவ ஆசாரியர்கள் போற்றும் வாக்கில் பகவான் பூமிதேவியிடம் அருளுவதன் கருத்து இது: மனமும் உடலும் நலமாக உள்ள காலத்தில் ஒருவன் என்னை நினைப்பானாயின், பின்னர் அவன் கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும்போது, நான் அவனை நினைக்கிறேன், நானே அவனை உயர்ந்த கதிக்கு இட்டுச் செல்கிறேன். பெரியாழ்வாரும், தளர்ச்சி வந்து வருத்தும் நாளில் நினைக்க இயலாமற் போகும் என்பதை உணர்ந்து, தெளிவுள்ள காலத்திலேயே அரங்கனிடம் விண்ணப்பம் செய்துவைக்கிறார். நினைவின் பொறுப்பு இங்கே பக்தனிடமிருந்து பகவானிடம் மாறிவிடுகிறது. நம் மூளையின் அலைகள் தளரலாம்; அவனுடைய நினைவு தளர்வதில்லை.

நாம் செய்யத்தக்கவை

இளையவர்களுக்கு: 'ஓய்வு பெற்றபின் ஜபம் செய்யலாம்' என்று ஒத்திப் போடாதீர்கள். வளரும் மரத்தில்தான் வேர் ஆழமாக இறங்கும்.

முதியவர்களுக்கு: சொற்கள் மறப்பதைக் கண்டு அஞ்சாதீர்கள். தியானம் நிலைக்கவில்லையெனில் நாமம் போதும். நாமமும் நீளவில்லையெனில் ஒரு படம், ஒரு பூ, ஒரு கும்பிடு போதும். இரவில் விழிப்பு வரும்போது அதைச் சபிக்காமல் நாம ஸ்மரணைக்கு உரிய வேளையாகக் கொள்ளுங்கள்.

பேணுவோருக்கு: ஒரு கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருங்கள். திடீரென மாற்றம் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அறிந்த நாமத்தை நீங்கள் அருகிலிருந்து சொல்லுங்கள். அவர்களுக்கு எட்டுகிறதா என்று சோதிக்க வேண்டாம். உங்களை அவர்கள் மறந்திருக்கலாம். அவர்களுள் உறையும் நாராயணன் உங்களை மறக்கவில்லை என்ற உறுதியுடன் உணவூட்டுங்கள், உடல் துடைத்துவிடுங்கள். சிவனை எண்ணி ஜீவனுக்குச் செய்யும் சேவைக்கு, கைம்மாறாக ஒரு நன்றிச் சொல்லையும் தர இயலாத முதியவரைவிடத் தூய வாய்ப்பு வேறு யார் தரமுடியும்?

அலைகள் எழும், தணியும், ஒருநாள் அடங்கும். அவை அடங்கும் நாளுக்காக இன்றே இறைவனிடம் நம்மை ஒப்படைப்போமாக! நினைவு தப்பிய நம் பெரியோரையும் அவன் தன் திருவடி நிழலில் காத்தருள்வானாக!